அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மனநல கிளினிக், அங்கே அண்ணனின் நோய்க்குக் கிடைத்த பேர்

பதினான்கு மாதமாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்வருகிற ஒரு மனநல கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு சந்துக்குள் திரும்பினால் மாடியில் இருக்கிறது. பேர் போடவில்லை. "கிளினிக் பேரைப் போட்டா நம்ம தெருக்காரங்க யாராவது படிச்சிட்டு நான்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்க பாப்பா, அது மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எழுதி முடித்ததும் அவரிடமே படித்துக் காட்டி, எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். சேலத்தில் வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லாமல் போய், எங்கே போவது, யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இது உபயோகப்படும். ஒரு நல்ல இடத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதற்கு எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. அங்கே நோயை என்ன பேர் சொல்லி அழைக்கிறார்கள், நோயாளியை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு எட்டு வருஷம் ஆனது.

அண்ணனுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை, பொடிப்பொடியான சலங்கை முத்துகளைக் கைநடுங்காமல் சேர்க்கிற வேலை, அதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். இருபத்தைந்து வயது வாக்கில் வேலைக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். குளிக்க மாட்டார், சேவிங் செய்ய மாட்டார், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்போது அவருக்கு வீட்டில் கிடைத்த முதல் பேர் சோம்பேறி. அப்பா வைத்தது, நாங்கள் எல்லாரும் சொன்னது, நானும் சொல்லியிருக்கிறேன். பேச்சு குறைவது, ஆசை குறைவது, உடம்பைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போவது எல்லாம் இந்த நோயின் அடையாளங்களேதான், குரல் கேட்கிறது என்று அவர் சொல்வதற்கு முன்னாடியே அவை வந்துவிடலாம் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை நான் வாயில் எடுத்திருக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் பட்டறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தன் மேல் வெள்ளித் திருட்டுப் பழியைப் போடத் திட்டம் போடுகிறார்கள் என்று ஆரம்பித்தார். ராத்திரியில் யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பதில் சொன்னார். காத்து கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். குறி கேட்டோம், மந்திரித்தோம், குணசீலத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். கோயிலுக்குப் போனதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை, அங்கே அவரை யாரும் விரட்டவில்லை, அம்மாவுக்கு அழ ஒரு இடம் கிடைத்தது. ஆனால் கோயிலோடு சேர்த்து ஒரு டாக்டரையும் பார்த்திருக்கலாம்.

டாக்டர் என்று முதலில் போனது ஒரு பொது மருத்துவரிடம். பேர் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது "நரம்புத் தளர்ச்சி." இந்த வார்த்தையை நம் ஊரில் கேட்காதவர்கள் இருக்க முடியாது, சுவரில் எழுதியிருக்கும், பஸ் ஸ்டாண்டு நோட்டீஸில் இருக்கும், தாம்பத்தியப் பிரச்சினைக்கும் அதுதான், தூக்கம் வராததற்கும் அதுதான், கை நடுக்கத்துக்கும் அதுதான். வீட்டுக்காரர்களுக்கு அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி வரும், ஏனென்றால் நரம்பு என்பது உடம்பு, உடம்புக்கு வந்தால் அவமானம் இல்லை. எங்களுக்கும் அந்த நிம்மதி வந்தது. சத்து ஊசி, டானிக், தூங்க மாத்திரை என்று இரண்டு வருஷம் அதிலேயே போனது. அவர் கெட்டவர் இல்லை, எங்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று அம்மா இன்னமும் சொல்லுகிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நோவுக்குத் தப்பான பேர் வைத்தால் தப்பான மருந்துதான் வரும்.

அடுத்து இன்னொரு இடம், அது மனநல டாக்டரின் இடம்தான், சேலத்திலேயே, ஆனால் அங்கே பேரே சொல்லவில்லை. சீட்டில் மருந்து எழுதினார்கள், "போட்டுக்கிட்டே இருங்க" என்றார்கள். என்ன நோய் என்று கேட்டதற்கு "சொன்னா புரியாதும்மா" என்று பதில். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக்கு வெளியில் நின்ற பையன், இருபது வயதுகூட இருக்காது, அண்ணனைப் பார்த்து "ஏய், எந்திரி, உள்ள போ" என்றான். முப்பது வயது மனிதன் அப்போது. வீட்டில் அம்மா அவன் இவன் என்று சொல்வது வேறு, அது செல்லம். வெளியில் இருக்கிறவன் சொல்வது வேறு. மனசு சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கே ஒரு ஆளுக்குச் சேர்த்துச் சொல்லுகிற 'ங்க' போய்விடுகிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார், குரல் நின்றது, தூங்கினார், "நல்லாயிடுச்சே, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்தினார். நாங்களும் சரி என்றுதான் விட்டோம், என்ன நோய் என்றே தெரியாதபோது எத்தனை நாள் மருந்து என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நிறுத்தி மூன்று மாதத்தில் ஒரு நாள் காலையில் ஆளைக் காணவில்லை. ஏற்காடு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற அந்த மலைப் பாதையில், நடுவில் ஏதோ ஒரு வளைவில் இறங்கி, மேலே சேர்வராயன் கோயிலுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ரோட்டோரமாகவே நடந்திருக்கிறார். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு லோடு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து அடிவாரத்தில் விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுற்றி ஒரு கூட்டம். பைத்தியம் என்று ஒருத்தர், லூசு என்று ஒருத்தர், மெண்டல் என்று ஒரு சின்னப் பையன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் அவர் கையில் டீயைக் கொடுத்து உட்காரவைத்து, எங்களைப் பார்த்ததும் "தம்பிக்கு மனசு சரியில்ல போலிருக்கு, பாத்துக் கூட்டிட்டுப் போங்க கண்ணு" என்றார்கள். மனசு சரியில்லை. இதைவிட நல்ல சொல் தமிழில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்வது மாதிரியே இருக்கிறது, இன்றைக்குச் சரியில்லை, நாளைக்குச் சரியாகலாம்.

சரி, இந்தக் கிளினிக்குக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், காசு கிடையாது, நாள் முழுக்க எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டு, மருந்து நின்றுபோனதால் திரும்ப வந்திருக்கலாம், தாமதிக்காமல் மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னார். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இங்கே போனோம்.

உள்ளே போனதும் முதலில் கவனித்தது, யாரையும் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவதில்லை, டோக்கன் நம்பர்தான். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா எங்களைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்து "வாங்க, உட்காருங்க, உங்களுக்கு என்ன கஷ்டம்னு நீங்களே சொல்றீங்களா, இல்ல தங்கச்சி சொல்லலாமா?" என்று கேட்டார். அண்ணன் அரை மணி நேரம் பேசினார். கோர்வை இல்லாமல்தான் பேசினார், பட்டறை, குரல், சேர்வராயன், திருட்டு எல்லாம் மாறி மாறி வந்தது. டாக்டரம்மா நடுவில் வெட்டவில்லை. "அந்தக் குரல் உங்களைத் திட்டுதா, இல்ல ஏதாவது செய்யச் சொல்லுதா?" என்று, உடம்பு வலி எங்கே என்று கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். எட்டு வருஷத்தில் அண்ணனிடம் அந்தக் குரலைப் பற்றி அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நாங்கள் எல்லாரும் "அப்படி ஒண்ணும் இல்ல, சும்மா இரு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

மூன்றாவது முறை போனபோது நோயின் பேரைச் சொன்னார். முதல் நாளே சொல்லாததற்குக் காரணமும் சொன்னார், எத்தனை நாளாக இருக்கிறது, தைராய்டு மாதிரி வேறு உடம்புக் கோளாறால் வருகிறதா, போதைப் பழக்கம் ஏதும் உண்டா என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேரை வைக்க வேண்டும் என்றார். ஒரு தாளில் தமிழிலேயே எழுதினார்: மனச்சிதைவு. இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள் என்றார்.

அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டது: "சிதைஞ்சே போச்சுங்களா டாக்டரம்மா? இனிமே ஒண்ணும் இல்லைங்களா?"

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது தோன்றவில்லை. படித்தவர்கள் பத்திரிகையில் பார்த்துப் பழகிய சொல், அதனால் உறைக்கவில்லை. அம்மா படிக்காதது, காதில் விழுந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும். சிதைந்துபோன வீடு, சிதைந்துபோன உடம்பு, சுடுகாட்டில் அடுக்குகிற சிதை, இதெல்லாம்தான் அந்த எழுத்துகளுக்குள் அம்மாவுக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் மனசுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கையில் கொடுத்தால் எந்தத் தாய்க்குத் தாங்கும்?

டாக்டரம்மா அவசரப்படவில்லை, வெளியில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள், இருந்தும் சொன்னார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இந்த நோய்க்கு இருந்த பேரின் அர்த்தம், இளம் வயதிலேயே வருகிற அறிவு மழுங்கல் என்பது. வந்தால் போச்சு, தேறவே மாட்டார்கள் என்று நினைத்த காலம். அப்படி இல்லை, எல்லாருக்கும் மழுங்குவதும் இல்லை, எல்லாருக்கும் இளவயதில் வருவதும் இல்லை, நிறையப் பேர் தேறுகிறார்கள் என்று பார்த்த சுவிட்சர்லாந்து டாக்டர் ஒருவர், ஆய்கன் ப்ளாய்லர் என்று பேர், 1908ல் பழைய பேரை மாற்றிப் புதுப்பேர் வைத்தார். கிரேக்க மொழியில் பிளத்தல் என்பதற்கான சொல்லையும் மனம் என்பதற்கான சொல்லையும் சேர்த்து வைத்த பேர்தான் ஸ்கிசோஃப்ரினியா. நினைப்பு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று சேராமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவது இல்லை, சினிமாவில் காட்டுகிற இரட்டை ஆள் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தமிழில் மனப்பிளவு என்று சொல்லிப் பார்த்தார்கள், அது இரட்டை ஆள் என்கிற தப்பான எண்ணத்தையே வளர்த்தது, மனச்சிதைவு என்பதுதான் இப்போது அதிகம் புழங்குகிறது, அதிலும் நீங்கள் கேட்ட குறை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஜப்பானில் இதே பிரச்சினை வந்து, மனம் பிளந்த நோய் என்று அர்த்தம் வருகிற பழைய பேரை 2002ல் அதிகாரப்பூர்வமாகவே மாற்றி, ஒருங்கிணைப்பில் வந்த கோளாறு என்கிற மாதிரி வைத்துவிட்டார்களாம், நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் கேட்டுத்தான் அந்த மாற்றம் வந்தது. பிறகு தென்கொரியாவிலும் மாற்றினார்கள், அவர்கள் வைத்த பேருக்கு, தந்தி வாத்தியத்தில் சுருதி சேர்ப்பது என்று அர்த்தம் வருமாம்.

அம்மாவுக்குச் சுருதி பிடிபடவில்லை. எங்கள் வீடு அம்மாப்பேட்டை, அப்பா தறி ஓட்டினவர், அம்மா முப்பது வருஷம் தறிக்கு நூல் தார் சுற்றினது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இழை அறுந்து போகலைங்க, சிக்கிக்கிச்சு, அவ்வளவுதானுங்களே?" என்று கேட்டது. "அவ்வளவுதாம்மா. எடுக்கப் பொறுமை வேணும், இழுத்தா அறுந்துடும்" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நோய்க்குச் சிக்கு என்றுதான் பேர். "இன்னிக்குச் சிக்கு எப்படி இருக்கு சாமி?" என்று அம்மா கேட்கும், அண்ணனும் பதில் சொல்லுவார்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பேர் கிடைத்த பிறகுதான் அண்ணன் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட ஆரம்பித்தார். என்ன நோய், எதனால் வருகிறது, எத்தனை நாள் மருந்து, எல்லாம் அந்தப் பேரோடு சேர்ந்து வந்தது. மூளையில் டோபமின் என்கிற ஒரு வேதிப்பொருள் வேலை செய்கிற விதத்தில் கோளாறு வருகிறது, மருந்து அதைத்தான் சரிப்படுத்தப் பார்க்கிறது, அது ஒன்று மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் தெருவில் 300 பேருக்கு மேல் இருப்பார்கள். பக்கத்துத் தெருவையும் சேர்த்தால் இன்னும் ஒருவர், யார் வீட்டிலோ, சோம்பேறி என்று பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்போதுதான் அம்மா தன் பெரிய மாமாவைப் பற்றிச் சொன்னது. ஓமலூர் பக்கம், அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலம். மாட்டுக் கொட்டகையில் காலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஓடிவருவார்களாம். இந்த நோய்க்கு முதல் மருந்தான குளோர்புரோமசினை 1952ல் பாரிஸில் கொடுத்துப் பார்த்தார்கள், ஆனால் ஓமலூரில் அன்றைக்கு யாருக்கு அது தெரியும்? டாக்டரம்மா குறித்துக்கொள்வதற்காக மாமாவின் பேர் என்ன என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லாரும் பைத்தியக்கார மாமா என்றுதான் சொல்வார்கள், பேர் யாரும் சொன்னதில்லை என்றது. வீட்டுக்கு வந்து சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டோம். இப்போது உயிரோடு இருக்கிற யாருக்கும் அவர் பேர் தெரியவில்லை.

பைத்தியம் என்ற சொல்லே பித்தம் என்பதோடு உறவுள்ள சொல்தான், பித்தம் தலைக்கு ஏறினால் புத்தி பேதலிக்கும் என்கிற பழைய வைத்தியக் கணக்கு. வாதம், பித்தம், கபம் என்று மூன்றில் ஒன்று கூடிப்போனது, அவ்வளவுதான், அதில் இளக்காரம் எதுவும் இல்லை, சிவபெருமானுக்கே பித்தன் என்று பேர் இருக்கிறது. ஒரு உடம்புக் கணக்கைச் சொல்லுகிற வார்த்தை எப்படியோ திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. ஊர் பேரைக்கூட நாம் விடவில்லை. சென்னையில் 1794ல் தொடங்கி 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் நடக்கிற மனநல மருத்துவமனையால் எத்தனை ஆயிரம் குடும்பம் பிழைத்திருக்கும், ஆனால் கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே சிரிக்கிறோம். ஏர்வாடி என்றும் சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் எரிந்து செத்தவர்கள் அவர்கள். அது தெரிந்த பிறகு அந்தப் பேரை யாராவது கிண்டலாகச் சொன்னால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

சட்டத்தின் பாஷை மாறியிருக்கிறது, அதையும் இந்தக் கிளினிக்கில்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரன் 1912ல் போட்ட சட்டத்துக்குப் பேரே லூனசி சட்டம், லத்தீனில் லூனா என்றால் நிலா, நிலாவால் புத்தி மாறுகிறது என்று அவர்களும் நம்பியிருக்கிறார்கள், நம் ஊரில் அமாவாசை பௌர்ணமிக்கு அதிகமாகும் என்று சொல்கிற மாதிரியே. அதற்குப் பதிலாக 1987ல் ஒரு சட்டம், அப்புறம் 2017ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அது 2018 மே 29ல் நடைமுறைக்கு வந்தது. இதில் மனநோய் என்றால் என்ன என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: சிந்தனை, மனநிலை, புலன் உணர்வு, ஞாபகம் மாதிரியானவற்றில் வருகிற பெரிய கோளாறு, அதனால் முடிவெடுக்கவோ அன்றாட வாழ்க்கையை நடத்தவோ முடியாமல் போவது. மனவளர்ச்சிக் குறைபாடு இதில் சேராது என்றும் இருக்கிறது, நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். முன்னாடி சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது, சங்கிலியால் கட்டக் கூடாது, அவருடைய நோய் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், மருத்துவக் காப்பீட்டில் உடம்பு நோய்க்கு என்ன உண்டோ அது மனநோய்க்கும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டதால்தான், போன மாதம் பட்டறை முதலாளியிடம் அண்ணனுக்கு வேலை கேட்கப் போனபோது என்னால் தலை நிமிர்ந்து பேச முடிந்தது.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கொடுத்தது ரிஸ்பெரிடோன். குரல் குறைந்தது, ஆனால் கை இறுகி நடுக்கம் வந்தது. வேறு தொழில்காரர் என்றால் பொறுத்துப் போகலாம், கொலுசு பற்றவைக்கிறவருக்குக் கை போனால் எல்லாம் போச்சு. அண்ணன் அதைச் சொன்னதும் டாக்டரம்மா "நோய்தான் முக்கியம், கையைப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் சுழிக்கோலம் மாதிரி வட்டம் வட்டமாகப் போடச் சொல்லிப் பார்த்தார். அளவைக் குறைத்து, நடுக்கத்துக்குத் தனி மாத்திரை கொடுத்து, அதற்கும் சரியாகாமல் மூன்றாவது மாதம் வேறு மருந்துக்கு மாற்றினார். அதில் எடை கூடும், சர்க்கரை வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள், இடுப்பளவு பார்க்கிறார்கள், அவ்வப்போது ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் மருந்து பேரைப் பார்த்து நீங்களாக எதையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு.

எனக்கும் வருமா என்று தனியாகப் போய்க் கேட்டேன், கல்யாணப் பேச்சு நடக்கிறது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், ஆனால் கூடப் பிறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்று மறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க, ஆனா பேரை மட்டும் சொல்லிட்டு நிறுத்தாதீங்க, அண்ணன் இப்ப என்ன செய்றாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். டோக்கன் வாங்கிய பிறகு இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம்கூட ஆகிறது. மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி. மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில்தான் தருகிறார்கள், கேட்டால் மட்டும் தமிழில் எழுதிக் கொடுக்கிறார். தனியாக உட்கார்ந்து பேச ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார், அண்ணன் மாதிரி எட்டு வருஷம் தனியாக இருந்தவருக்கு அது போதாது. வெளி போர்டில் மனநலம், நரம்பு, குடிப்பழக்கம், பாலியல் பிரச்சினை எல்லாம் ஒரே வரியில் எழுதியிருக்கிறது, அதனாலேயே படியேற யோசித்துத் திரும்பிப்போன ஒரு அப்பாவையும் மகளையும் நான் பார்த்தேன், பின்னாலேயே இறங்கிப்போய் மேலே வாங்க, நல்ல டாக்டர் என்று கூப்பிட்டேன், வந்தார்கள். கீழே இருக்கிற மருந்துக் கடையில் ஒருமுறை "அந்த மெண்டல் டாக்டர் சீட்டா?" என்று சத்தமாகக் கேட்டார்கள், டாக்டரம்மாவிடம் சொன்னேன், அடுத்த முறை போனபோது அந்தப் பேச்சு இல்லை.

பணம்: முதல் தடவை 600 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 400. மருந்து தனி. இது கட்டாதவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதும் மருந்தும் இலவசம். எங்கள் தெரு அக்காவின் தம்பி அங்கேதான் பார்க்கிறார், நன்றாக இருக்கிறார். எங்கே பார்த்தாலும் சரி, என்ன நோய் என்று பேரைக் கேளுங்கள், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், நோயாளியிடமே சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது காத்திருப்புக்காகவும் இன்னொரு காரணத்துக்காகவும். வரவேற்பு மேசையில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு அச்சடித்த தாள் கொடுக்கிறார்கள், நோயைப் பற்றி, மருந்தைப் பற்றி, நல்ல தாள்தான். ஆனால் அதில் தலைப்பிலேயே மனப்பிளவு நோய் என்று இருக்கிறது, டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்ன அதே பேர். பழைய அச்சு, தீர்ந்த பிறகு மாற்றுவோம் என்றார்கள். போன முறை அண்ணன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அங்கிருந்த தாள்கட்டின் மேலே இருந்த தாளில் பிளவு என்பதை அடித்து மேலே சிதைவு என்று எழுதினார், எழுதிவிட்டு என்னைப் பார்த்து "நடுவுல 'ச்' வருமா பாப்பா?" என்று கேட்டார். வரும் என்றேன். கட்டு முழுக்க ஒவ்வொரு தாளாகத் திருத்திக்கொண்டிருந்தார், எங்கள் டோக்கனைக் கூப்பிடுகிற வரைக்கும். இந்த மாதம் இருபத்தி இரண்டாம் தேதி மறுபடி போகிறோம், புதுத் தாள் வந்திருந்தால் இதன் கீழேயே சொல்கிறேன்.